திரையில் தெரிவது பந்து அல்ல

2011 மார்ச் 30, மொஹாலி. உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டிருந்தன. சச்சின் 23 ரன்னில் இருந்தபோது சயீத் அஜ்மலின் பந்து அவர் காலில் பட்டது. அம்பயர் இயன் கூல்ட் விரலைத் தூக்கிவிட்டார். எதிர்முனையில் நின்ற கம்பீரிடம் போய் ஏதோ பேசிவிட்டு சச்சின் ரிவ்யூ கேட்டார். திரையில் வரைந்து காட்டிய பாதை லெக் ஸ்டம்பை உரசாமல் வெளியே போனது. நாட் அவுட். அன்று அவர் எடுத்தது 85. இந்தியா 29 ரன் வித்தியாசத்தில் வென்றது. அது அவுட்தான் என்று அஜ்மல் பல வருடம் கழித்தும் சொல்லிவந்தார்.

யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பந்து சச்சினின் காலில் பட்டதும் அதன் பயணம் முடிந்துவிட்டது. காலுக்கும் ஸ்டம்புக்கும் நடுவில் நாம் ‘பார்த்த’ மீதிப் பயணம் எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை. பதிவாக வழியும் இல்லை, அது நடக்கவே இல்லையே. கணினி கணக்குப் போட்டு இழுத்த கோடு அது. அந்தக் கோட்டைத்தான் கண்ணால் கண்ட சாட்சி மாதிரி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விளையாட்டில் செயற்கை நுண்ணறிவு, சென்சார் என்று பேசப்படுகிற எல்லாவற்றையும் இந்தக் கோட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். கருவி அளப்பது ஒன்று. அளந்ததை வைத்து அது ஊகிப்பது இன்னொன்று. அந்த ஊகத்தை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வது என்று விதி எழுதுபவர்கள் எடுக்கிற முடிவு மூன்றாவது. டிவியில் இந்த மூன்றும் ஒரே படமாக, வண்ணம் பூசிக்கொண்டு, சில நொடிகளில் ஓடி மறைந்துவிடுவதால் எது எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரிவதில்லை.

பந்தைத் துரத்தும் கணக்கு

இந்தக் கோட்டை வரையும் ஹாக்-ஐ முறையை உருவாக்கியவர் பால் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். 2001இல் லார்ட்ஸில் நடந்த இங்கிலாந்து – பாகிஸ்தான் டெஸ்ட் ஒளிபரப்பில் அது முதலில் தலைகாட்டியது. அப்போது அதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை, வர்ணனையாளர்கள் வைத்துப் பேச ஒரு சரக்கு, அவ்வளவுதான். 2008இல் இந்திய அணி இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில் ரிவ்யூ முறை வெள்ளோட்டம் விடப்பட்டது. 2009 நவம்பரில் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குள் அதிகாரபூர்வமாக வந்தது.

அடிப்படை எளிமையானது. மைதானத்தைச் சுற்றி உயரத்தில் பல கோணங்களில் கேமராக்கள். ஒரே கணத்தில் இரண்டு கேமராக்களாவது பந்தைப் பார்த்துவிட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் பந்தை நோக்கி ஒரு கோடு இழுத்து, இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பந்தின் இடமாகக் கொள்ளலாம். நிலம் அளக்கிற சர்வேயர் போடும் அதே முக்கோணக் கணக்கு. இரண்டுக்கு மேல் கேமராக்கள் எதற்கு என்றால், விக்கெட் கீப்பரின் முதுகு ஒன்றை மறைத்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

தொல்லை வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் ஏறக்குறைய 39 மீட்டர் கடக்கும். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அது 78 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். நொடிக்கு 340 படம் எடுக்கும் கேமரா வைத்தாலும் 11 சென்டிமீட்டர் இடைவெளி விழும். பந்து காலைத் தொட்ட அந்தக் கணம் பெரும்பாலும் எந்தப் படத்திலும் சிக்காது, இரண்டு படங்களுக்கு நடுவே நழுவியிருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்புவதும் கணக்குதான்.

ஒவ்வொரு படத்திலும் பந்து எது என்று கண்டுபிடிப்பது தனிப் பாடு. வேகத்தில் இழுபட்டு, உருண்டையாகக்கூடத் தெரியாத சில புள்ளிகள் அவை. பின்னால் வெள்ளை விளம்பரப் பலகை இருக்கலாம், பாதி ஆடுகளத்தில் நிழல் விழுந்திருக்கலாம், குறுக்கே ஒரு புறா பறக்கலாம். ஆரம்ப காலத்தில் ‘இந்த நிறம், இந்த அளவு, இந்த வேகம் இருந்தால் அது பந்து’ என்று மனிதர்களே விதி எழுதிக் கொடுத்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைப்பின்னல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்றதும் எதையோ யோசித்து முடிவெடுக்கும் மூளையைக் கற்பனை செய்கிறோம். மைதானத்தில் அது பார்க்கும் உத்தியோகம் பெரும்பாலும் இதுதான்: குப்பைக்கு நடுவே பந்தைப் பொறுக்குவது, கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆட்டக்காரரின் முழங்காலை அடையாளம் காண்பது.

இப்படிக் கிடைத்த புள்ளிகளின் வழியாக ஒரு வளைவைப் பொருத்தி, அதைக் காலுக்கு அப்பாலும் நீட்டினால் ஸ்டம்பு வரைக்கும் பாதை கிடைத்துவிடும். பந்து பிட்ச் ஆன பிறகு நீண்ட தூரம் வந்து காலில் பட்டிருந்தால் புள்ளிகள் நிறைய இருக்கும், கணக்கும் உறுதியாக இருக்கும். பிட்ச் ஆன உடனே காலில் பட்டுவிட்டால், குதித்த பிறகு அது எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல கைவசம் இருப்பது சொற்பப் புள்ளிகள். நீட்டுகிற தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும். இரண்டு நிலைமையிலும் திரையில் வரும் கோடு மட்டும் ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கும்.

‘அம்பயர்ஸ் கால்’ இந்த இடத்தில்தான் வருகிறது. பந்தில் பாதிக்குக் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கணக்கு சொன்னால், மைதான நடுவர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ரசிகர்களுக்கு இது பிடிப்பதில்லை. ‘பட்டால் பட்டதுதானே, அதென்ன கால்வாசி அவுட்?’ என்ற கோபம் புரிகிறது. ஆனால் கிரிக்கெட்டின் தொழில்நுட்ப விதிகளில் இதைவிட நேர்மையான ஒன்று எனக்குத் தெரியவில்லை. ‘எங்கள் கணக்கில் பிழை இருக்கலாம், ஓரத்தில் உரசுகிற பந்துக்கு நாங்கள் உத்தரவாதம் தர மாட்டோம்’ என்று கருவியின் சந்தேகத்தை விதிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2019 ஹெடிங்லி டெஸ்டில் எதிர்த்திசையில் ஒரு கதை நடந்தது. இங்கிலாந்து ஜெயிக்க 2 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். நேதன் லயன் பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் அவுட் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ இல்லை, சற்று முன்புதான் கடைசி ரிவ்யூவை வீணடித்திருந்தார்கள். பிறகு ஒளிபரப்பில் காட்டியபோது, பந்து குத்திய இடம், காலில் பட்ட இடம், ஸ்டம்ப் மூன்றும் சிவப்பு, அதாவது அவுட். இங்கிலாந்து ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மூன்று சிவப்பை நம்பவே முடியவில்லை என்றார் ஸ்டோக்ஸ். அஜ்மல் ஒரு பக்கம், ஸ்டோக்ஸ் மறு பக்கம். கருவி தனக்கு எதிராகப் பேசும்போது எல்லோரும் சந்தேகவாதிதான்.

வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்ட நீச்சல்

டென்னிஸ் இதே சிக்கலை வேறு மாதிரி முடித்துக்கொண்டது. 2004 யு.எஸ். ஓபன் காலிறுதியில் ஜெனிஃபர் கப்ரியாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் செரீனா வில்லியம்ஸுக்கு வரிசையாகத் தவறான தீர்ப்புகள் விழுந்தன. உலகமே ரீப்ளேயில் பார்த்துத் திட்டியது. 2006இல் அதே போட்டியில் ஹாக்-ஐ முறையீடு நடைமுறைக்கு வந்தது. மறு வருடம் விம்பிள்டன் இறுதியில், வெளியே போனதாகக் கண்ணுக்குத் தெரிந்த நடாலின் ஒரு பந்தை, 1 மில்லிமீட்டர் உள்ளே என்றது ஹாக்-ஐ. அதை அணைத்துவிடுங்கள் என்று ஃபெடரர் நடுவரிடம் கெஞ்சாத குறை. அப்போது ஹாக்-ஐயின் சராசரிப் பிழை 3.6 மில்லிமீட்டர் என்பது அந்த நிறுவனமே சொன்ன கணக்கு. சராசரி என்றால் சில பந்துகளுக்கு அதைவிடக் கூடுதல் என்று அர்த்தம். அப்படியிருக்க 1 மில்லிமீட்டருக்கு ஒரு தீர்ப்பு.

டென்னிஸ்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவு பிழை, உடனடி முடிவு, வாக்குவாதம் கிடையாது என்ற வசதிக்காக அதை ஏற்றுக்கொண்டார்கள். கிரிக்கெட்டில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக மைதான நடுவரின் முதல் தீர்ப்பு இருக்கிறது. கோட்டு நடுவர்களை முழுக்க எடுத்துவிட்ட டென்னிஸ் மைதானத்தில் திரும்பிப் போக எதுவும் இல்லை. 2021 ஆஸ்திரேலிய ஓபன் எல்லா மைதானங்களிலும் அப்படித்தான் நடந்தது. விம்பிள்டன் 147 வருடப் பழக்கத்தை விட்டு 2025இல் அதே வழிக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நீச்சலில் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி, நான்கு நீச்சல் பாணிகளும் கலந்த போட்டி. ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் ஒரு நொடி வரை சமம். ஆயிரத்தில் பார்த்தார்கள்: 4 நிமிடம் 31.981, 4 நிமிடம் 31.983. தங்கம் லார்சனுக்கு. அந்த வேகத்தில் 0.002 நொடி என்பது வெறும் 3 மில்லிமீட்டர் தூரம். நீச்சல் குளம் கட்டும் கொத்தனாரால் ஒவ்வொரு லேனையும் அந்தத் துல்லியத்தில் கட்ட முடியாது. 50 மீட்டர் குளத்தில் எட்டு நீளம் நீந்தினால் சுவரின் அந்தச் சின்ன வித்தியாசமும் எட்டு மடங்காகும். அப்படியென்றால் யார் வேகமாக நீந்தினார் என்பதை அளந்தார்களா, யாருடைய லேன் குட்டை என்பதை அளந்தார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதன் பிறகு நூறில் ஒரு நொடியோடு நிறுத்திக்கொண்டார்கள். சுவரில் பதித்த தொடுபலகைக்கு அதைவிட நுணுக்கமாக அளக்கத் தெரியும். வேண்டாம் என்று விதி அதன் கண்ணைக் கட்டிவைத்திருக்கிறது. விளைவு, 2016 ரியோவில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ், லெ க்ளோஸ், செஹ் மூவரும் 51.14 நொடியில் தொட்டு மூன்று பேரும் வெள்ளி வாங்கினார்கள். மேடையில் ஒரே படியில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நின்ற அந்தக் காட்சி, அளவையின் எல்லையை ஒரு விளையாட்டு பகிரங்கமாக ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி.

தடகளம் ஆயிரத்தில் ஒன்றுவரை பார்க்கிறது, ஓடுபாதையின் எல்லைக்கோடு எல்லோருக்கும் பொது என்பதால் அதற்கு நியாயம் உண்டு. 2024 பாரிஸில் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்ப்சன் 9.789. அந்த ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தாம்ப்சனின் கால் முன்னால் இருக்கிறதே என்று பலர் குழம்பினார்கள். கணக்கில் வருவது உடற்பகுதிதான், காலோ தலையோ அல்ல. இன்னொரு விஷயம், அது நாம் நினைக்கிற மாதிரியான புகைப்படமே கிடையாது. கேமரா எல்லைக்கோட்டின் மெல்லிய கீற்றை மட்டும், நொடிக்கு 40,000 முறை எடுத்து, அந்தக் கீற்றுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டுகிறது. படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் அல்ல, நேரம். ஓடுபவர்கள் அதில் விநோதமாக இழுபட்டுத் தெரிவது அதனால்தான்.

ஓட்டத்தின் மறுமுனையில் கதை வேறு. தொடக்கக் கட்டையில் இருக்கும் சென்சார் காலின் உந்துதலை அளக்கிறது. துப்பாக்கி வெடித்த 0.100 நொடிக்குள் உந்தினால் தவறான தொடக்கம், சத்தத்தைக் கேட்டு அதற்குள் யாராலும் அசைய முடியாது என்பது விதியின் அனுமானம். 2022 உலக சாம்பியன்ஷிப், அமெரிக்காவின் யூஜீன். 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலனுக்கு 0.099 என்று காட்டியது கருவி. அரையிறுதியில் அவருக்கு வந்தது 0.101. தான் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், தன் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், ஓடாமலே வெளியே அனுப்பப்பட்டார். சென்சாரில் கோளாறு என்று நான் சொல்லவில்லை. 0.100 என்ற எண் கருவி கண்டுபிடித்தது அல்ல, மனிதர்கள் தேர்ந்தெடுத்தது. உடலியல் ஒருவருக்கொருவர் வேறுபடும், எண் வேறுபடாது.

பந்துக்குள் ஒரு சென்சார்

கால்பந்து இதற்கெல்லாம் நெடுங்காலம் முரண்டு பிடித்தது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டைத் தெளிவாகத் தாண்டிக் குதித்து வெளியே வந்தது. நடுவர்கள் கோல் கொடுக்கவில்லை. 2012இல் கோல்-கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் பயன்பட்டது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். தாண்டியதா, இல்லையா என்ற ஒரே கேள்வி. கருவிக்கு இதைவிடத் தோதான கேள்வி கிடையாது.

அதுவும் ஒரு நாள் சறுக்கியது. 2020 ஜூன் 17, கொரோனா இடைவெளிக்குப் பிறகு பிரீமியர் லீக் திரும்பிய முதல் நாள், ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும். வில்லாவின் கோல்கீப்பர் நைலாண்ட் ஒரு ஃப்ரீ கிக்கைப் பிடித்து, தடுமாறி, பந்தோடு வலைப் பக்கம் சாய்ந்துவிட்டார். டிவியில் பார்த்த குழந்தைக்கும் அது கோல். நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், அது அசையவில்லை. கோல் இல்லை. ஆட்டம் 0-0. ஏழு கேமராக்களையும் கோல்கீப்பரின் உடல், ஒரு தடுப்பாட்டக்காரர், கோல் கம்பம் மூன்றும் சேர்ந்து மறைத்துவிட்டதாகவும், 9,000க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நடந்ததில்லை என்றும் ஹாக்-ஐ மன்னிப்புக் கேட்டது. அந்தப் பருவம் முடிந்தபோது வில்லா 35 புள்ளிகளோடு தப்பித்தது. 34 புள்ளி எடுத்த போர்ன்மத் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 9,000இல் ஒன்று என்பது நல்ல கணக்குதான், போர்ன்மத்காரர்களிடம் மட்டும் அதைச் சொல்ல வேண்டாம்.

பந்து உதைபடும் கணத்தில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைத் தாண்டி முன்னால் நிற்கும் தவறான ஆஃப்சைடு இதைவிடச் சிக்கலானது, இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் வேண்டும்: பந்து உதைபட்ட கணம் எது, அந்தக் கணத்தில் யார் எங்கே? நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவர் 50 படக் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்வார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஓடினால் வித்தியாசம் 32 சென்டிமீட்டர். ஆரம்பகால வீடியோ நடுவர் அறையில் ‘இந்தப் படத்தில்தான் உதைத்தார்’ என்று மனிதர் ஒருவர் நிறுத்திவிட்டு, அக்குளுக்கும் தோளுக்கும் கோடு போட்டு, அங்குலக் கணக்கில் ஆஃப்சைடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளவுகோலில் இருந்த கோடுகளைவிடப் பேனாவின் முனை தடிமனாக இருந்த கதை.

2022 கத்தார் உலகக் கோப்பையில் இதற்கு வழி கண்டார்கள். கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 இடங்களை நொடிக்கு 50 முறை குறித்துக்கொண்டே இருந்தன. பந்தின் மையத்தில் தொங்கவிடப்பட்ட சென்சார் நொடிக்கு 500 முறை தன் அசைவைச் சொன்னது. உதைத்த கணம் இப்போது 500இல் ஒரு நொடிக்குள் தெரிகிறது. மேலே சொன்ன 16 சென்டிமீட்டர் 1.6 ஆகச் சுருங்குகிறது. தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் எனர் வலென்சியா போட்ட கோலை இந்த முறை ரத்து செய்தது. மைதானத்தில் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை, சக வீரர் எஸ்ட்ராடாவின் கால் ஆஃப்சைடில் இருந்தது என்று பிறகு முப்பரிமாணப் படத்தில் காட்டினார்கள்.

அதே போட்டியில் ரொனால்டோவின் முடிக் கதை. உருகுவேக்கு எதிராக புரூனோ ஃபெர்னாண்டஸ் அனுப்பிய பந்து நேராக வலைக்குள் போனது. இடையில் எம்பிய ரொனால்டோ தன் தலையில் பட்டது என்று கொண்டாடினார். பந்தில் வேறெந்த விசையும் படவில்லை, சென்சார் பதிவில் அந்த இடத்தில் துடிப்பே இல்லை என்று அடிடாஸ் அறிவித்துவிட்டது. கோல் ஃபெர்னாண்டஸ் கணக்கில் நின்றது. இரண்டு வருடம் கழித்து யூரோ 2024இல் ஸ்லோவாகியாவுக்கு எதிராக பெல்ஜியத்தின் லுகாகு போட்ட கோலுக்கு முன்னால், சக வீரர் ஓபெண்டாவின் கையில் பந்து பட்டதை இதே துடிப்புப் படம் காட்டிக்கொடுத்தது. பட்டது என்பதைச் சென்சார் சொல்லும். கையை அவர் அங்கே வைத்திருந்தது இயல்பா, குற்றமா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பேச்சு இன்னும் நடுவரிடம்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸிலும் ஃபுஜிட்சு உருவாக்கிய அளவீட்டு முறை 2019 உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து நடுவர்களுக்குத் துணையாக இருக்கிறது. உடல் எத்தனை டிகிரி திரும்பியது, முழங்கால் மடங்கியதா என்பதைச் சொல்லும். அழகைப் பற்றி வாய் திறக்காது.

சட்டைக்கு அடியில்

பயிற்சி முடிந்து சட்டையைக் கழற்றும் கால்பந்து, ரக்பி ஆட்டக்காரர்கள் உள்ளே ஒரு குட்டைக் கறுப்பு அங்கி போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். பின்பக்கம், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பை. அதற்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. செயற்கைக்கோள் உதவியோடு நொடிக்குப் பத்து முறை இடத்தைக் குறிக்கும். கூடவே முடுக்கமானியும் சுழற்சிமானியும் நொடிக்கு நூறு முறை உடலின் குலுக்கலைப் பதியும். தோள்பட்டைக்கு நடுவே வைப்பதற்குக் காரணம், அங்கே வானம் மறையாது, கீழே விழுந்தாலும் அடிபட வாய்ப்புக் குறைவு.

இதிலிருந்து என்ன கிடைக்கும்? மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்பதில் பயிற்சியாளர்களுக்கு அவ்வளவு ருசி இல்லை. முழு வேகத்தில் ஓடியது எத்தனை மீட்டர், திடீரென்று பிரேக் போட்டது எத்தனை தடவை, இடது கால் தரையில் பதிகிற அதிர்வும் வலது காலினுடையதும் போன வாரம் மாதிரி இருக்கின்றனவா, இவைதான் முக்கியம். வேகம் எடுப்பதைவிட வேகத்தைக் குறைப்பது தசைக்கு அதிகக் கேடு, கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. காயத்திலிருந்து திரும்பும் ஆட்டக்காரர் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னாலும், ஒரு பக்கம் கொஞ்சம் பாரத்தை மாற்றி ஊன்றுவது எண்ணில் தெரிந்துவிடும். இந்த உபயோகம் உண்மையானது.

‘காயத்தை முன்கூட்டியே கணிக்கும் செயற்கை நுண்ணறிவு’ என்ற விளம்பரத்தில்தான் எனக்கு நெருடல். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் என் கற்பனை. 25 பேர் கொண்ட அணியில் வாரத்துக்கு ஒருவருக்குக் காயம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் காயம் வரப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடித்துவிடும், வராதவர்களில் 20 சதவீதம் பேரை மட்டும் தவறாகச் சிவப்பில் காட்டும். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் வராத 24 பேரில் 20 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5 பேர். ஆக வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சியாளர் கையில் இருப்பது ஆறு சிவப்புப் பெயர்கள், அதில் அதிகபட்சம் ஒன்று நிஜம். ஆறு பேரையும் உட்காரவைத்தால் சனிக்கிழமை யாரை வைத்து ஆடுவது? அரிதாக நடக்கும் எதையும் கணிக்கிற எல்லாக் கருவிக்கும் உள்ள பிறவிக் குணம் இது. நல்ல உடற்பயிற்சி நிபுணர் அந்தப் பட்டியலைத் தீர்ப்பாக எடுப்பதில்லை. ஆறு பேரிடமும் போய் ‘ராத்திரி தூங்கினாயா?’ என்று கேட்கிறார்.

கணிப்பை விட்டுவிட்டு நேரடியாக அளக்கிற இடத்தில் சென்சார் சாதிக்கிறது. ரக்பியில் உயர்மட்ட ஆட்டங்களுக்கு 2024 முதல் சென்சார் பொருத்திய பல் காப்புறைகளைக் கொண்டுவந்தார்கள். மேல் தாடைப் பற்கள் மண்டையோட்டோடு இறுக்கமாக இணைந்தவை என்பதால், தலைக்கவசத்தில் வைக்கிற சென்சாரைவிடத் தலையின் அசைவை இது சரியாகச் சொல்லும். ஆண்களுக்கு 75 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 75 மடங்கு), பெண்களுக்கு 65 ஜி முடுக்கத்தையும், அதோடு சேர்த்துச் சுழற்சிக்கான எல்லையையும் மோதல் தாண்டினால் மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் மருத்துவருக்குத் தகவல் போகும். ஆட்டக்காரர் எழுந்து கையசைத்துவிட்டு ஓடினாலும் பரிசோதனைக்கு வெளியே வந்தாக வேண்டும். மூளை அதிர்ச்சி என்று கருவி சொல்வதில்லை, ‘பார்த்துவிடுங்கள்’ என்றுதான் சொல்கிறது. தனக்கு அடி படவில்லை என்று நடிப்பதில் ரக்பிக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அந்த நடிப்புக்கு இது முடிவு கட்டுகிறது.

உடம்பிலிருந்து எடுக்கும் இந்த எண்கள் யாருடைய சொத்து என்பது தனி வழக்கு. முழங்கால் தேய்கிறது என்பது ஆட்டக்காரருக்கு முன் கிளப்புக்குத் தெரிந்தால், அடுத்த ஒப்பந்தம் பேசும்போது யார் கை ஓங்கும்? அமெரிக்கக் கூடைப்பந்தில் என்.பி.ஏ.யும் ஆட்டக்காரர்கள் சங்கமும் 2017இல் செய்துகொண்ட ஒப்பந்தம், உடலில் அணியும் கருவிகளின் தரவைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் கொண்டுவரக் கூடாது என்று தடுத்திருக்கிறது. சங்கம் பலமாக இருக்கிற இடத்தில் கிடைத்த பாதுகாப்பு. பதினாறு வயதில் அகாடமியில் சேர்ந்து, கொடுத்த அங்கியை மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்கிற பையனுக்கு அப்படி யாரும் பேசிக் கொடுப்பதில்லை.

வியூகத்திலும் கருவி கை வைத்திருக்கிறது. கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் லிவர்பூல் கால்பந்து கிளப்பும் சேர்ந்து செய்த ‘டாக்டிக்-ஏஐ’ ஆய்வு 2024இல் வெளியானது. 7,176 கார்னர் கிக்குகளைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். கார்னரை எடுத்துக்கொண்டது புத்திசாலித்தனம், பந்து நிற்கிறது, எல்லோரும் இடம் பிடித்து நிற்கிறார்கள், சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கணம். யாரை எங்கே இரண்டடி தள்ளி நிறுத்தலாம் என்று மென்பொருள் சொன்னதை, நிஜத்தில் நடந்த அமைப்போடு கலந்து லிவர்பூல் வல்லுநர்களிடம் காட்டினார்கள். 90 சதவீத தடவை மென்பொருளின் யோசனையே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வல்லுநர்களுக்குப் பிடித்தது வேறு, அதனால் கோல் விழுந்தது வேறு. இரண்டாவதை அந்த ஆய்வு காட்டவில்லை, காட்டியதாகச் சொல்லவும் இல்லை. செய்திகளின் தலைப்புதான் அப்படிச் சொன்னது.

விளக்கு எரிந்தால்

கருவியை நம்பும் பழக்கம் புதிதல்ல. வாள் சண்டையில் எபே பிரிவு 1936 ஒலிம்பிக்ஸிலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. முனை எதிராளி மேல் அழுந்தினால் சுற்று மூடும், விளக்கு எரியும், புள்ளி. 1976 மாண்ட்ரியலில், வாள் சண்டையும் அடங்கிய ஐந்து விளையாட்டுகளின் தொகுப்பான நவீன பெண்டத்லான் போட்டியில் சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷெங்கோவின் வாள், எதிராளியைத் தொடாமலே விளக்கை எரியவைத்தது. பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸ் பின்வாங்கிய பிறகும் எரிந்தது. பிரித்துப் பார்த்தால் கைப்பிடிக்குள் ஒரு ஸ்விட்ச். விரலால் அழுத்தினால் போதும். தகுதி நீக்கம் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். விளக்கு எரிந்தால் தொட்டதாக அர்த்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, தொடுவதைவிட விளக்கை எரியவைப்பது சுலபம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

எரிய வேண்டிய இடத்தில் எரியாமல் போவதும் உண்டு. 2025 விம்பிள்டனில், கோட்டு நடுவர்கள் இல்லாத அந்த முதல் வருடத்தில், பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்டலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்டலின் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது, எல்லோரும் பார்த்தார்கள், ‘அவுட்’ என்ற குரல் வரவில்லை. மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும் கருவியை யாரோ தவறுதலாக அணைத்து வைத்திருந்தார்கள். நாற்காலியில் இருந்த நடுவருக்கும் பந்து வெளியே போனது தெரிந்திருக்கலாம். அவர் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார். ஆட்டத்தில் கடைசியில் ஜெயித்தது பாவ்லியுசென்கோவாதான், அந்த கேமைத் திருடிவிட்டீர்கள் என்ற கோபம் அதனால் குறையவில்லை.

களிமண் ஆடுகளத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூர்மையானது, அங்கே பந்து தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. பிரெஞ்சு ஓபன் 2025இலும் மனித நடுவர்களையே வைத்திருந்தது. சந்தேகம் வந்தால் நாற்காலி நடுவர் இறங்கிவந்து, தடத்தைத் தேடி, விரலால் காட்டுவார். அந்தத் தடமும் முழு உண்மை கிடையாது. பந்து விழும்போது சப்பையாகி, வழுக்கி, தூளை முன்னால் தள்ளுகிறது. தூள் மெலிதாக இருக்கும் இடத்தில் தடத்தின் ஓரம் பதியாமலே போகலாம். ஹாக்-ஐ கணக்கிட்ட வட்டமும் தரையில் பதிந்த வட்டமும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2025 வசந்தத்தில் மாட்ரிட் போட்டியில் ஸ்வெரெவ் ஆடிக்கொண்டிருந்தார். அங்கே கோட்டுத் தீர்ப்பு முழுக்க மின்னணு. எதிராளியின் பந்து உள்ளே என்றது கருவி, களிமண்ணில் தடம் கோட்டுக்கு வெளியே இருந்தது. நடுவரை வந்து பார்க்கச் சொன்னார், பார்க்க விதியில் இடமில்லை. ஸ்வெரெவ் தன் பையிலிருந்து செல்போனை எடுத்துவந்து, குனிந்து, அந்தத் தடத்தைப் படம் எடுத்தார். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். புள்ளி மாறவில்லை.